ஊசிமுத்து சேத்து வச்ச பல்லு

நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் என் முன்பல்லு ரெண்டும் இந்த இடத்துலயே கொட்டிப் போகட்டும். நல்லா உத்துப் பாத்துக்கோங்க பிள்ளைகளா, ரெண்டும் இருக்கா? இருக்கு. பக்கத்துல ஒரு ஓட்டை தெரியுதே, அது போன தடவை சொன்ன கதையில போனது. அதைக் கிளறாதீங்க.

ஒரு காட்டில ஊசிமுத்துன்னு ஒரு முள்ளம்பன்றி இருந்தான். கஞ்சன்னா அப்படி ஒரு கஞ்சன். உடம்புல இருந்து ஒரு முள்ளு உதிர்ந்தாக்கூட திரும்பிப் போய்ப் பொறுக்கிட்டு வருவான். அவன் வளை நிறைய காட்டு வள்ளிக்கிழங்கு. வளை வாசல்ல குவியல் குவியலா எலும்பும் மான் உதிர்த்த கொம்பும். முள்ளம்பன்றிங்களுக்கு அது ஒரு வழக்கம். சாப்பாடு முடிஞ்சதும் நாம வெத்தலை போடுறோம்ல, அந்த மாதிரி அதுங்க ஒரு எலும்பை எடுத்து வச்சுக் கரகரன்னு கொறிக்கும்.

அவன் பொண்டாட்டி பேரு குத்தாயி. முதுகுல இருக்கிற முள்ளெல்லாம் சும்மா, வாயில இருக்கிறதுதான் நிஜ முள்ளு.

ஒருநாள் ஊசிமுத்து ஆத்தோரம் போனான். அங்க கிழட்டு யானை நடையப்பன் ஒரு மூங்கில் குருத்தை வாய்க்குள்ள போட்டு இப்படிப் புரட்டுறான், அப்படிப் புரட்டுறான், கடைசியில அப்படியே துப்புறான்.

"என்னண்ணே, குருத்து கசக்குதா?"

"கசக்கலைடா. கடைசியா முளைச்ச கடைவாய்ப் பல்லும் தேஞ்சு மட்டமாப் போச்சு. இனிமே முளைக்காது. ஊறின புல்லாப் பாத்துத் தின்னு காலத்தை ஓட்டுறேன்."

ஊசிமுத்து நாக்கால தன் பல்லைத் தடவிப் பாத்துக்கிட்டான். இம்மாம் பெரிய ஆளுக்கே பல்லு தீந்து போகுதுன்னா நம்ம பல்லு எத்தனை நாளைக்கு? விழுந்தடிச்சு வீட்டுக்கு ஓடி வந்தா, குத்தாயி சாவகாசமா உக்காந்து ஒரு கொம்பைக் கொறிச்சுக்கிட்டு இருக்கா.

"ஏய், நிறுத்துடி! பல்லைச் செலவழிக்காத!"

"யோவ், பொறந்ததுல இருந்து கொறிக்கிறேன். அன்னைக்கு இருந்த அளவுதான் இன்னைக்கும் இருக்கு. எதுல மிச்சம் பிடிக்கிறதுன்னு ஒரு விவஸ்தை வேணாம்?"

"யானைக்கே தேஞ்சு போச்சுடி!"

"யானைக்கு முதுகுல முள்ளும்தான் இல்ல. அதைப் பாத்து நீயும் பிடுங்கிப் போட்டுட்டு மொட்டையாத் திரியேன்."

இந்தச் சண்டையைப் புதர் ஓரமா நின்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருந்தான். நரி. பேச்சுல தேன் வடியும்ங்கிறதால அவனுக்குத் தேனப்பன்னு பேரு. வடியிற தேன்ல அவன் நனைஞ்சதே கிடையாது, மத்தவன்தான் வழுக்கி விழுவான். ரொம்ப நாளா அவனுக்கு அந்த எலும்புக் குவியல் மேல ஒரு கண்ணு.

"அண்ணே, அண்ணிக்கு என்ன தெரியும்?"ன்னு வந்து பக்கத்துல உக்காந்தான். "பல்லு எதனால தேயுது? மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேரா முட்டிக்கிறதால. ரெண்டையும் பிரிச்சு விட்டுட்டா? கீழ்த்தாடையைக் கொஞ்சம் இடது பக்கமா ஒதுக்கி வச்சுக்கோங்க. முன்பல்லு ஒண்ணை ஒண்ணு தொடாது. திங்கிறதை எல்லாம் இடது கடைவாயிலயே போட்டு மெல்லுங்க. வலது பக்கம் அப்படியே புத்தம்புதுசா இருக்கும், வயசான காலத்துக்கு!"

"ஒரு பக்கத்தைச் செலவு பண்ணி, ஒரு பக்கத்தைச் சேத்து வைக்கிறதா?" ஊசிமுத்து கண்ணு விரிஞ்சுது.

"அதேதான். அப்புறம் இந்த எலும்பு. கண்ணு முன்னால கிடந்தா வாய் நமநமங்கும். தம்பி எதுக்கு இருக்கேன்? நான் எடுத்துட்டுப் போயிடுறேன். ஒரு கூலியும் வேணாம்."

கூலி வேணாம்னு காதுல விழுந்ததும் ஊசிமுத்து சொக்கிப் போயிட்டான். நரி குவியலை அள்ளிட்டுப் போறப்போ, குத்தாயி ஒரே ஒரு கொம்பை மட்டும் அடியில போட்டு மேல உக்காந்துக்கிட்டா. முள்ளு மேல கை வைக்க நரிக்கும் தைரியம் வரலை.

அன்னையில இருந்து ஊசிமுத்து தாடையைக் கோணி வச்சுக்கிட்டே திரிஞ்சான். பாக்கிறவனுக்கு அவன் எப்பவும் நக்கல் பண்ற மாதிரியே தெரியும். அந்த மூஞ்சிக்காகக் காட்டுப்பன்னிகிட்ட காரணமே இல்லாம உதை வாங்கினான். இருந்தாலும் விடலை. கொஞ்ச நாள்ல தண்ணியில குனிஞ்சு பாத்தா முன்பல்லு முன்னைவிட நீளம்!

"குத்தாயி! பாத்தியாடி? சேத்து வச்சா பெருகுது!"

"பெருகட்டும், பெருகட்டும். மூக்குல வந்து இடிக்கிறப்போ சொல்லு."

இடிச்சுது. மழைக்காலம் தொடங்குறதுக்குள்ள கீழ்ப்பல்லு ரெண்டும் வில்லு மாதிரி வளைஞ்சு மூக்கைத் தொட்டுச்சு. மேல்பல்லு ஆட்டுக்கொம்பு மாதிரி உள்ளுக்குள்ள சுருண்டு அண்ணத்தைக் குத்துச்சு. இடது கடைவாய்ப் பல்லோ, மொத்த மெல்லலும் அது தலையிலயே விழுந்ததால ஈறோட ஈறாத் தேஞ்சு கிடந்துச்சு. வலது பக்கம் மட்டும் புத்தம்புதுசு. என்ன பிரயோசனம்? கோணலாவே பழகின தாடையில வலது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சந்திக்கிறதே இல்லை.

வளை நிறைய கிழங்கு. நடுவுல ஊசிமுத்து, பட்டினி. ஒரு கிழங்கை உருட்டிக் கிட்டக் கொண்டு வருவான், பல்லு போய்ப் பக்கவாட்டுல வழுக்கும், கிழங்கு ஓடிப்போகும். விலா எலும்பு ஒண்ணொண்ணா வெளிய தெரிஞ்சுது.

"சாப்பிட முடியாம நீ செத்துப்போனா இத்தனை கிழங்கையும் நான்தான்யா தனியாத் திங்கணும்"னு குத்தாயி அழுதா. கண்ணுல தண்ணி, வாயில கிழங்கு. அவ மட்டும் எதுக்குப் பட்டினி கிடக்கணும்?

யோசனை சொன்னவன்கிட்டயே நியாயம் கேக்கலாம்னு குத்தாயி நரியோட குகைக்குப் போனா, அங்க தேனப்பன் கன்னம் வீங்கிக் கிடக்கான்.

"அண்ணி... உங்க கொம்புக்குள்ள மஜ்ஜையே இல்லை அண்ணி. வெறும் கல்லு. கடிச்சதுல என் கோரைப்பல்லு முறிஞ்சு போச்சு."

"முளைக்குமா?"

"நரிக்கு ஏது அண்ணி முளைக்கிறது?"

"சந்தோஷம்"னு சொல்லிட்டுத் திரும்பினா குத்தாயி.

புருஷனைத் தள்ளிக்கிட்டே ஆத்தோரம் போய் யானை முன்னால நிறுத்தினா. நடையப்பன் அந்த வாயைப் பாத்துட்டு வயிறு குலுங்கக் குலுங்கச் சிரிச்சான்.

"என்னடா இது, பன்னிக்குத் தந்தம் முளைச்சிருக்கு! எனக்குப் போட்டியா?"

"உங்களைப் பாத்துதான்ணே பல்லைச் சேத்து வச்சேன்"னு ஊசிமுத்து குழறினான்.

"அட மடையா! என் பல்லு தேஞ்சா தேஞ்சதுதான். உன் முன்பல்லு நகம் மாதிரிடா, சாகுற வரைக்கும் வளரும். மேலயும் கீழயும் நேரா முட்டித் தேஞ்சாத்தானே அளவுல நிக்கும்?"

"இதையேதான்ணே நானும் தொண்டை கிழியச் சொன்னேன்"ன்னா குத்தாயி. "அதை அப்புறம் பேசலாம். முதல்ல உடைங்க."

நடையப்பன் தும்பிக்கை நுனியில பிடிச்சான்.

"அண்ணே, பாத்து! கொஞ்சமா உடைங்க, வீணாக்கிடாதீங்க!"

டக். டக். மேலயும் கீழயும் உடைஞ்சு விழுந்துச்சு.

ஊசிமுத்து பிழைச்சான். குத்தாயி மறைச்சு வச்சிருந்த அந்த ஒத்தைக் கொம்பைத் தினமும் அவன் வாயில திணிச்சா. முன்னங்காலால தாடையை நேரா பிடிச்சுக்கிட்டுக் கொறிச்சுக் கொறிச்சு, முன்பல்லு ஒழுங்கா வந்துருச்சு. ஆனா தேஞ்ச கடைவாய்ப் பல்லு திரும்ப வரலை. அது நகம் மாதிரி இல்லையாம், யானைப் பல்லு மாதிரியாம். அதை யாரும் அவனுக்கு முன்னாடியே சொல்லலை. மெல்ல ஆரம்பிச்சா தாடை இன்னமும் பழைய ஞாபகத்துல இடது பக்கமே ஓடுது.

அதனால கிழங்கை எல்லாம் குத்தாயி திங்க, ஊசிமுத்து ஆத்தோரம் யானைக்குப் பக்கத்துல உக்காந்து ஊறின புல்லைத் தின்னுக்கிட்டு இருக்கான்.

"என்னடா, பல்லு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"ன்னு யானை சீண்டும்.

"இல்லாமயாண்ணே? வலது பக்கம் பூராவும் புதுசு. நீங்க உடைச்ச துண்டையும் பொறுக்கிட்டு வந்து வளையில பத்திரமா வச்சிருக்கேன். ஒரு அவசரத்துக்கு ஆகும்ல?"

நீதி: நேரா வச்சுக் கடிச்சா தேயிறது கொஞ்சம், கோணி வச்சுக் காப்பாத்தினா போறது மொத்தம்.

என்ன, எல்லாரும் மெதுவா எந்திரிக்கிறீங்க? கதை கேட்டதுக்குக் கூலி யாரு தருவா? ஏய், முதுகுக்குப் பின்னால முறுக்கை மறைக்கிற பிள்ளை, இங்க வா. உடைச்சுப் பாதி குடுக்கிற வேலை எல்லாம் வேணாம். முழுசா எடு. கடிக்கிறதுக்கு என் முன்பல்லு ரெண்டும் இன்னும் நேராத்தான் இருக்கு.