டிரைவ் கொட்டிய 'ம்'

அந்தக் காலத்தில் வீட்டுக் கணினிகளுக்கும் வாய் இருந்தது. டிவியோடு இணைத்து ஓட்டுகிற சின்னக் கணினிகள் அவை. கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். அதனால் பக்கத்தில் ஒரு டிஸ்க் டிரைவ் இருக்கும். கணினி ஒரே கம்பி வழியாக ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லும்; டிரைவ் எழுதி வைத்துக்கொள்ளும்.

நாகர்கோவிலில் ஜெபராணி வீட்டு டிரைவ் பழைய ஆள். ஓர் எழுத்தை எழுதி முடித்ததும் "ம்" என்னும். அதைக் கேட்ட பிறகுதான் கணினி அடுத்த எழுத்தைச் சொல்ல வேண்டும்.

"நான் என்ன கதையா சொல்லுதேன் அண்ணே, நீங்க ம் கொட்ட?" என்று கணினி சலித்துக்கொண்டது.

"எனக்குக் கேட்டுதா இல்லையான்னு உனக்குத் தெரியாண்டாமா?" என்றது டிரைவ்.

மறுநாள் ஜெபராணிக்கு வேலைக்கான நேர்காணல். சொந்தமாக எழுதிய புரோகிராமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும். பகல் முழுக்க அடித்து முடித்தபோது பல்பு மங்கியது.

"கரண்ட் போகப்போவுது. சீக்கிரம் டிஸ்க்குல ஏத்துங்க" என்றாள்.

கணினிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ம் வரும்வரை நிற்காமல் மொத்தத்தையும் கொட்டியது. டிரைவ் ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் மூன்று நழுவின. "நில்லுடே" என்று அது சொல்லி முடிக்கும்போது வீடு இருண்டுவிட்டது.

கரண்ட் வந்ததும் ஜெபராணி டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். வரிக்கு வரி ஓட்டை.

"எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லையே" என்றது கணினி. பொய்யில்லை.

"எனக்கு இருக்கு" என்றது டிரைவ். "மெதுவா வந்திருந்தா பாதிதான் ஏறியிருக்கும். அந்தப் பாதியாவது உருப்படியா இருந்திருக்கும்."

"அவசரப்படுத்தினது நான்தான்" என்றாள் ஜெபராணி. முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள்.

முக்கால்வாசி முடிந்தபோது பல்பு மறுபடி மங்கியது. இந்த முறை அவள் அவசரப்படுத்தவில்லை. கணினி ஓர் எழுத்தைச் சொல்லிவிட்டு நின்றது.

"ம்."

அடுத்தது. "ம்."

கடைசிச் சில வரிகள் ஏறுவதற்குள் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது ஏறிய வரிகளில் ஓர் எழுத்தும் குறையவில்லை. மிச்சத்தை அடித்துச் சேர்த்து, காலையில் டிஸ்க்கைப் பையில் வைத்துக்கொண்டு ஜெபராணி பஸ் ஏறினாள்.

பிற்பாடு அந்த இயந்திரங்கள் பேச்சை விட்டுவிட்டன. ம் கொட்டுவதை மட்டும் விடவில்லை. அதனால்தான் பழைய வீட்டுக் கணினி ஒரு சின்ன விளையாட்டை ஏற்றக்கூட அவ்வளவு நேரம் எடுக்கிறது. டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மினுக்கும் ஒரு ம்.