கமண்டலத்தால் இறைத்த ராஜகுரு

"ஓட்டை ஓடம் சாமி, வெள்ளம் வடியட்டும்" என்று ஓடக்காரி அழகாயி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ராஜகுரு சித்தானந்தர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கு சீடர்களோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். கொள்ளிடம் கரைபுரண்டு ஓடியது. அழகாயி துடுப்பு வலிப்பதும், கொட்டாங்குச்சியால் தண்ணீரை இறைப்பதுமாகத் தவித்தாள்.

மந்திரம் ஜபித்துக்கொண்டே வந்த குரு நடு ஆற்றில் சீறினார்.

"அடியே, என் மந்திரத்தின் மேல் நம்பிக்கை இல்லையா உனக்கு? இன்னொரு தரம் இறைத்தால் உன் ஓடத்துறையைப் பறிக்கச் சொல்வேன்!"

அழகாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடத்தில் இருப்பது ஆறு பேரின் உயிர் அல்லவா! ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு கொட்டாங்குச்சியை ஆற்றில் வீசிவிட்டாள்.

"உத்தரவு சாமி. மந்திரமே இறைக்கட்டும்."

தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியது, கெண்டைக்காலுக்கும் ஏறியது. திடீரென்று குரு, "ஐயோ, முழுகுதே!" என்று அலறினார். கமண்டலத்துத் தீர்த்தத்தைக் கொட்டிவிட்டு, அதனாலேயே தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார்.

"மந்திரத்தையும் நிறுத்திடாதீங்க சாமி," என்றாள் அழகாயி, துடுப்பை வலித்துக்கொண்டே. "நானும் ஆத்தாளைக் கும்பிட்டுக்கிட்டேதான் இறைப்பேன். கும்பிட வாய் குடுத்தவதானே இறைக்கக் கையும் குடுத்தா?"

ஓடம் கரை தட்டியது. சீடர்கள் இறங்கினார்கள். துறையில் கூட்டம் கூடிவிட்டது. குரு மட்டும் இன்னும் இறைத்துக்கொண்டே இருந்தார்.