இன்னும் நாலு தேய்

"மங்கலாத்தான் தெரியுது டீச்சர்," என்றார் சவரிமுத்து.

அவர் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். எழுத்து கோணினால் கரும்பலகை முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி எழுதும் ரகம். அவர் "டீச்சர்" என்று கூப்பிடும் காந்திமதிக்கு அவருடைய மகள் வயதுதான். அந்த ஆய்வுக்கூடத்தில் அவள் குரு, அவர் சீடர்.

அங்கே வேலையெல்லாம் ஆம்பரில். ஆம்பர் என்பது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் வடிந்து, இறுகிக் கல்லாகிப்போன மரப்பிசின். எறும்பும் கொசுவும் மாட்டிய கற்களை வேறு ஆட்கள் எடுத்துப் போவார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாதவை காந்திமதியின் பங்கு.

கல்லைத் தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். கொஞ்சம் தேய்ப்பது, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. கல் மெலிய மெலிய உள்ளே இருப்பது துலங்கும்.

"என்ன சார் தெரியுது?"

"அமீபா. ஒரு பக்கமா நீண்டுருக்கு. எதையோ பிடிக்கப் போற மாதிரி."

"காத்துக் குமிழியா இருக்கப்போகுது."

"குமிழிக்கு ஏது டீச்சர் கால்?"

அவள் குனிந்து பார்த்தாள். "அமீபாவேதான். அப்புறம் என்ன குறை?"

"ஓரம் கலங்கலா இருக்கே. வந்ததுலேர்ந்து எனக்குக் கிடைச்சது இது ஒண்ணுதான். இன்னும் நாலு தேய் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடும்."

அவர் கை உப்புத்தாளுக்குப் போயிற்று. பாவம், ஆசைதான்.

காந்திமதி தடுக்கவில்லை. மேஜை இழுப்பறையிலிருந்து வேறொரு ஆம்பர் துண்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள்.

"இதைப் பாத்துட்டுத் தேய்ங்க சார்."

பார்த்தார். ஒரு கீறல் இல்லை, கலங்கல் இல்லை. தேன் நிறத்தில் வெளிச்சம் மட்டும் நின்றது. அவருக்குப் பொறாமையாகவே இருந்தது.

"இப்படித்தான் டீச்சர் வரணும். யார் தேய்ச்சது?"

"உங்களுக்கு முன்னாடி இங்க இருந்தவர். உங்களை மாதிரியே அசராம தேய்ப்பார்."

"ஆனா உள்ளே ஒண்ணையும் காணோமே. என்ன இருந்தது?"

"மங்கலா ஒரு அமீபா."

சவரிமுத்து உப்புத்தாளைத் தள்ளி வைத்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தன் கல்லை எடுத்து மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். எதையோ பிடிக்கப் போன அமீபா அப்படியே இருந்தது.

காந்திமதி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எப்படி இருக்கு சார்?"

"நல்லாத் தெரியுது டீச்சர்."