கேப்டனின் முள்ளும் அகலத் திரையும்

குருவுக்கு வயது இருபத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. பீளமேட்டில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சீடர் சிரிக்கவில்லை. வந்த முதல் நாளே ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுவிட்டார், பேச்சு அதோடு முடிந்தது.

குருவின் பெயர் தாட்சாயினி. வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, விமானி அறையின் முகப்பைத் திரையில் வரைந்து தருவது அவர் தொழில். வேகம், உயரம், திசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு முள்.

சீடர் சென்னியப்பன் இருபது வருடம் ஃபிளெக்ஸ் பேனர் கடை நடத்தியவர். அந்தத் தொழிலில் ஒரே சட்டம்தான்: பலகையில் இம்மி இடம்கூட காலியாக இருக்கக்கூடாது. படம் சின்னதாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுக்க வேண்டியது. அவர் கைவண்ணத்தில் எத்தனையோ ஒல்லி மாப்பிள்ளைகள் மண்டப வாசலில் குண்டாக நின்றிருக்கிறார்கள். பெண் வீட்டார்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டில் இப்படி விமானம் ஓட்டும் ஓய்வுபெற்ற விமானி கேப்டன் தியோடர் தன் பழைய சதுரத் திரை பழுதானதும் அகலத் திரை ஒன்று வாங்கினார். பழைய முகப்பை அதற்குப் பொருத்தித் தரும் வேலையைக் குரு சீடரிடம் கொடுத்தார். தனியாகச் செய்யும் முதல் வேலை. பழக்கதோஷம் யாரை விட்டது? சென்னியப்பன் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தார். பத்தே நிமிடத்தில் திரை நிறைந்துவிட்டது. வட்டங்கள் கொஞ்சம் பூசணிக்காயாகிவிட்டன, ஆனால் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. அன்றைக்குக் குருவுக்கு வேறு வேலை, திறந்து பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

பதினைந்து நாள் கழித்து கேப்டன் போன் செய்தார். குறை சொல்வதற்கல்ல. முகப்பு நன்றாகத்தான் இருக்கிறதாம், கோளாறு தன்னிடம்தானாம். ஒவ்வொரு தடவையும் வேகம் குறைந்து, ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதுகிறாராம். முப்பத்தொரு வருடம் ஓட்டிய விமானம். ஞாபகம் போகிறது என்று புரிந்துவிட்டதாம். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறார். கணினி, திரை எல்லாவற்றையும் எடுத்துப்போய் ஏதாவது கல்லூரிப் பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

சென்னியப்பனுக்கு முதலில் வந்தது நிம்மதி. பாவம், வயசாகிவிட்டது என்று குருவிடம் சொன்னார்.

குரு அந்த முகப்பைத் திறந்து பார்த்தார்.

“எண்ணு ஒண்ணுகூடத் தப்பில்லீங் டீச்சர்,” என்றார் சீடர். “முள்ளும் சரியான எண்ணுலதான் நிக்குது. அப்பறம் எப்புடீங்க?”

“மணி என்னங்ணா?”

சென்னியப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பத்து மணி ஏழரை நிமிசம்.”

“அதுல எண்ணு எங்கீங்ணா இருக்குது?”

சீடர் மறுபடி பார்த்தார். அவருடைய கடிகாரத்தில் எண்களே இல்லை. கோடும் இல்லை. எட்டு வருடமாகக் கட்டியிருக்கிறார், இப்போதுதான் கவனிக்கிறார்.

குரு அந்தக் கடிகாரத்தைப் படம் எடுத்து, கணினியில் ஏற்றி, இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தார். ஒரு நொடி காட்டி மறைத்தார்.

“இப்ப?”

“பத்து மணி ஒம்பது நிமிசம்,” என்றார் சீடர். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“இறங்கறப்ப அவருக்கு எண்ணைப் படிக்க நேரமிருக்காதுங்ணா. முள்ளோட சாய்வைத்தான் பார்ப்பாரு. இழுத்ததுல அது கூடத் தெரியும், வேகம் அதிகம்னு நெனச்சுக் குறைச்சுருவாரு,” என்றார் குரு.

சென்னியப்பனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு வட்டத்தையும் வட்டமாக்கினார். வட்டங்களுக்கு நடுவில் வெறும் சாம்பல் நிறத் தகடு தெரிந்தது. அதை நிரப்பக் கை துறுதுறுத்தது, விட்டுவிட்டார்.

சனிக்கிழமை கேப்டன் வீட்டுக்குக் கிளம்பும்போது சீடர் தயங்கி நின்றார். அந்த அகலத் திரையில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று கேட்டார்.

“அந்தத் திரையைத் தேடி வாங்குனது யாருங்ணா?”

“அவருதானுங்க.” சொல்லும்போதே புரிந்தது, பழி மறுபடி கேப்டன் மேல்தான் விழும்.

குரு வண்டியை எடுத்தார். சீடர் பின்னால் ஏறிக்கொண்டார்.

கேப்டன் வீட்டுச் சுவரெல்லாம் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருந்தன. ‘கேஸ் அணைத்தாயா?’ ‘மாத்திரை போட்டாயா?’ ‘கதவு.’ எல்லாம் கேப்டனுடைய கையெழுத்து, பதினைந்து நாளில் எழுதியவை. அவர் மனைவி எஸ்தர், வந்தவர்கள் அதைப் பார்ப்பதைப் பார்த்து, தலையைக் குனிந்துகொண்டார்.

புது முகப்பை ஏற்றியதும் கேப்டன் வேண்டாம் என்றார். தெரிந்த தோல்வியை இன்னொரு முறை ஏன் பார்க்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார்.

சென்னியப்பன் முன்னால் வந்து நின்றார். “தப்பு உங்களுதில்லீங் கேப்டன். என்னுதுங்க. திரை நெறயோணும்னு இழுத்து வெச்சுப்போட்டேன். முள்ளோட சாய்வே மாறிப்போச்சுங்க. உங்க ஞாபகத்துக்கு ஒண்ணும் ஆகலீங்க.”

கேப்டன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார். முதல் முறையே விமானம் ஓடுபாதையில் பூப்போல இறங்கி நின்றது. கேப்டன் எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பின்னால் கையை நீட்டி சென்னியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் சுவருக்குப் போய் ஒரு தாளை உரித்தார், பிறகு இன்னொன்றை.

திரும்பி வரும் வழியில் அவிநாசி சாலை சிக்னலில் வண்டி நின்றதும் சென்னியப்பன் கேட்டார்.

“பதினஞ்சு நாளு அந்த மனுசன் தன்னையேதானுங் சந்தேகப்பட்டாரு. எம்மேல ஒருக்காகூடப் படலீங்க. ஏனுங் டீச்சர்?”

“நல்லவங்க அப்புடித்தானுங்ணா,” என்றார் குரு. “அதனாலதான் நாம முந்தி நம்மளைச் சந்தேகப்படோணும்.”