இறந்தவரின் மதம்

செத்தவரிடமும் மதம் கேட்கும் அதிகாரி ஒருவர் எங்கள் மாகாணத்தை ஆண்டார். ஒரு பெருமழையில் மலை இடிந்தது. உச்சியில் இருந்த கோயில் ஊரையும் சரிவில் இருந்த பள்ளிவாசல் ஊரையும் ஆறு வாரிக்கொண்டு வந்து, மாதா கோயில் கடற்கரையில் போட்டது.

"மதவாரியாகப் பிரித்துப் புதை. ஒரு பிணம் மாறினாலும் தொலைத்துவிடுவேன்" என்று குழிவெட்டும் தங்கப்பனை மிரட்டினார் அதிகாரி.

தங்கப்பனோ ஒரே நீளக் குழியாக வெட்டினான். அதிகாரி கத்தினார்.

"ஏமானே, முதல் ஆளை நீங்க பிரிச்சுக் காட்டுங்க. மிச்சத்தை நான் பிரிச்சிருதேன்."

அதிகாரி துணியை விலக்கினார். முகமே இல்லை. துணியை மறுபடி மூடினார்.

"என் மகளும் இதுலதான் கிடக்கா, ஏமானே. எனக்கே அடையாளம் தெரியல்ல. அதனால எல்லாரையும் என் மகளா நினைச்சுக் குளிப்பாட்டிட்டேன். இனி யாரைப் பிரிக்க?"