கரை மண்ணில் செஞ்ச ராஜா

"ஊர்ல இருக்கற சாமிக்கெல்லாம் கண்ணு வைக்கறியே, என் கண்ணுல தண்ணி வர்றதை என்னிக்காவது பார்த்திருக்கியாய்யா நீ?"

இப்படித்தான் கத்தினாள் அங்காயி. எந்த ஊரு, எந்தக் காலம்னு இப்பவே கேக்காதீங்க. ஏரி இருந்த ஒரு ஊரு, ராஜா இருந்த ஒரு காலம், அவ்வளவு தெரிஞ்சாப் போதும். கத்தினது புருஷன் செம்பானைப் பார்த்து. செம்பான் மண்ணுல சிலை செய்யறவன். வீட்டுக்குள்ள வச்சு அழகு பாக்கற பொம்மை இல்லை, வெயில்லயும் மழையிலயும் ஊரே பாக்க நிக்கற சிலை. ஏரியோரம் யானை உயரத்துக்குக் குதிரை, எல்லையில மீசை முறுக்கின முனி, சந்தைக்குப் போற வழியில வாயைப் பிளந்த யாளி, எல்லாம் அவன் கை. சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அவன் செஞ்சதுதான் காவல். அவன் வீட்டுக் கூரை மட்டும் ஒழுகும்.

ஆனா அன்னிக்குச் சண்டை கூரைக்காக இல்லை. அரண்மனையிலேருந்து ஆள் வந்திருந்துச்சு. ராஜாவுக்கு அவரைப் போலவே ஒரு சிலை வேணுமாம், ஊர் வாசல்ல, பனைமர உயரத்துக்கு.

"போகாதேய்யா. அந்தாளு ஒச்சானை என்ன பண்ணினான்னு மறந்துட்டியா?"

யாரும் மறக்கலை. போன மழையில ஏரிக்கரை உடைஞ்சுது. அடைச்சாங்க, உடைஞ்சுது. மறுபடி அடைச்சாங்க, மறுபடி உடைஞ்சுது. இன்னொரு தடவை அடைச்சாங்க, அதுவும் போச்சு. கரை ஆள் கேக்குதுன்னு சொன்னான் ராஜா. ஆடு ஓட்டிட்டு அந்த வழியா வந்த ஒச்சானைப் பிடிச்சு, உயிரோட கரைக்குள்ள இறக்கி, மண்ணைத் தள்ளுங்கடான்னான். ஊரே மண்வெட்டியோட நின்னுச்சு, ஊரேதான் தள்ளிச்சு. உள்ளேருந்து அந்த இளந்தாரிப் பையன், "ஒரு பிடி மண்ணை எடுத்து விடுங்க, மூச்சு விடணும்"னு கேட்டான். ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? ராஜா பாத்துக்கிட்டு நிக்கறானே! செம்பானும்தான் அங்கே இருந்தான். குனிஞ்ச தலை நிமிரலை.

ஏய், போர்வையை இழுக்காதே. பயக் கதை வேணும்னு கேட்டது யாரு? வாயில விரல் வச்சுக்கிட்டுக் கேளு.

செம்பான் போனான். போகலைனா கட்டி இழுத்துட்டுப் போவாங்க, அதுக்கு நடந்தே போயிடலாமேன்னு போனான்.

"எனக்கும் தூக்கம் வரும்ல?"ன்னான் ராஜா. "நான் தூங்கற நேரத்துல இந்த ஜனங்க என்ன பேசறாங்கன்னு யாரு பாக்கறது? நான் உள்ளே தூங்கணும், வெளியே நான் முழிச்சுக்கிட்டு நிக்கணும். என் மூஞ்சியைப் பாத்தா ஒருத்தனுக்கும் சோறு இறங்கக் கூடாது."

"சரிங்க ராசா. பிடிமண் மட்டும் குடுத்துடுங்க."

பிடிமண்ணுங்கறது என்னன்னா, சிலை கேக்கறவங்க அவங்க சொந்த மண்ணுல குனிஞ்சு, சொந்தக் கையால ஒரு பிடி அள்ளி, செய்யறவன் கையில குடுக்கணும். அதைக் கலந்துதான் அவன் மண் பிசைவான். யாரு மண்ணோ அவங்களுக்குத்தான் அந்தச் சிலை காவல். அது இல்லாம செம்பான் ஒரு நாய் பொம்மைகூடச் செய்ய மாட்டான்.

ராஜா வயிறு குலுங்கச் சிரிச்சான். "நான் குனியறதா? இந்த நாட்டுல எந்த மண்ணு என் மண்ணு இல்லை? டேய், எங்கேயாவது ஒரு பிடி அள்ளி இவன் கையில போடு!"

சேவகன் ஒரு சோம்பேறி. அரண்மனையைத் தாண்டினா ஏரிக்கரை. அங்கேயே அள்ளிட்டு வந்து போட்டான். மண்ணு செம்பான் உள்ளங்கையில வெதுவெதுன்னு இருந்துச்சு, காய்ச்சல்காரன் கையைப் பிடிச்ச மாதிரி. எங்கே அள்ளினேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலை.

"கரை மறுபடி கசியுதாம்"னான் ராஜா. "சிலை சூளையில வெடிச்சாலும் சரி, என் சாயல் இல்லைனாலும் சரி, இந்தத் தடவை கரைக்குள்ள உன் பொண்டாட்டி."

சொல்லி வாயை மூடறதுக்குள்ள அங்காயியை இழுத்துட்டு வந்துட்டாங்க. அவள் அழலை. புருஷனைப் பார்த்து, "நான் என்னய்யா சொன்னேன்?"னு மட்டும் கேட்டாள்.

அப்புறம் செம்பான் களிமண்ணை மிதிச்சான், மணலும் உமியும் சேர்த்தான், பிடிமண்ணைப் போட்டுப் பிசைஞ்சான், காலு, இடுப்பு, மார்புன்னு வளையம் வளையமா ஏத்தினான். கடைசியில மூஞ்சி. ராஜாவுக்கு இருக்கற மாதிரியே தொங்கற கன்னம், தடிச்ச உதடு, மேலே மீசை. ஈரத்துணியைப் போத்திட்டுப் போனான்.

விடிஞ்சு வந்து துணியை எடுத்தா, கன்னம் ஒட்டிப் போயிருக்கு. காய்ஞ்சு சுருங்கியிருக்கும்னு திருத்தினான். மறுநாள் துணியை எடுத்தா, மீசை உதிர்ந்து கீழே கிடக்கு. அதையும் ஒட்டித் திருத்தினான். அதுக்கு மறுநாள் துணியைத் தொடவே கை வரலை. கண்ணை மூடிக்கிட்டு எடுத்தான், திறந்து பாத்தான். வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவிக்கற ஒரு பையன் மூஞ்சி. ஒச்சான்.

ஓடிப்போய்ச் சேவகன் தோளைப் பிடிச்சு உலுக்கினான். "எங்கேடா அள்ளினே?"

"கரையிலதான்யா. ஒரு இடத்துல மட்டும் புல்லு முளைக்காம மொட்டையா கிடந்துச்சு. தோண்ட லேசா இருந்துச்சு, அதான்."

சிலைக்குக் கண் திறக்க ராஜா குறிச்ச நாள் நெருங்கிடுச்சு, இனிமே புதுசா செய்ய நேரம் ஏது? நடந்ததைச் சொன்னா அங்காயி இல்லை. செம்பான் ஏணியில ஏறினான். ஒச்சான் மூஞ்சி மேல மெல்லிசா ஒரு பூச்சுப் பூசி, அதுல ராஜா மூஞ்சியைப் பிடிச்சான். "மன்னிச்சுக்கடா தம்பி, இன்னொரு தடவை உன் மேல மண்ணைப் போடறேன்"னு சொல்லிக்கிட்டே பூசினான்.

சுத்தி வைக்கோலும் வரட்டியும் அடுக்கித் தீ வச்சான். சிலை வெடிக்கலை. ஆனா தீ எரிஞ்ச நேரம் பூரா உள்ளே யாரோ இருமிக்கிட்டே இருந்தாங்க.

கண் திறக்கற நாள் வந்துச்சு. ஊர் வாசல்ல சிலை, பக்கத்துலயே கரை, கரையில புதுசா வெட்டின குழி, குழியோரம் கையைக் கட்டி அங்காயி. கூட்டத்துல ஒச்சானோட ஆத்தாளும் நிக்கறாள். ராஜா நேரா வந்து சிலைக்கு எதிரே நின்னான்.

"எதிரே நிக்காதீங்க ராசா, சிலையோட முதல் பார்வை ஆள் மேல விழக் கூடாது, அதுக்குக் கண்ணாடிதான் காட்டணும்"னான் செம்பான்.

"என் கண்ணு என்னைத்தான் முதல்ல பாக்கணும். திற!"

"வேணாங்க ராசா, தள்ளி நில்லுங்க."

"திறடான்னா!"

செம்பான் குழியைப் பாத்தான், அங்காயியைப் பாத்தான். அவள் கண்ணுல தண்ணி நின்னுச்சு. இத்தனை வருஷத்துல அன்னிக்குத்தான் அதைப் பாத்தான். பாத்துட்டு, தலையை நிமித்தி, ராஜா மூஞ்சியைப் பாத்துச் சொன்னான்: "ராசா, அது உங்க கண்ணு இல்லை."

"அப்படியா? திற பாக்கலாம். என் கண்ணு இல்லைனா குழி காத்துக்கிட்டிருக்கு."

செம்பான் ஏறினான். உளியால வலது கண்ணைத் திறந்தான், இடது கண்ணைத் திறந்தான். காய்ஞ்ச பொறுக்கு உதிர்ற மாதிரி மூஞ்சி விரிசல் விட்டு, மீசை விழுந்துச்சு, கன்னம் விழுந்துச்சு, உதடு விழுந்துச்சு. "ஐயோ, ஒச்சா!"ன்னு ஆத்தாள் அலறினாள்.

சிலை ராஜாவைப் பாத்துச்சு. ராஜா இடது பக்கம் நகர்ந்தான், கண்ணும் நகர்ந்துச்சு. வலது பக்கம் போனான், கண்ணும் போச்சு. பிறந்ததுலேருந்து குனியாதவன் குனிஞ்சு பாத்தான், கண்ணும் குனிஞ்சுது. முதுகைக் காட்டவும் பயம், அந்தக் கண்ணைப் பாக்கவும் பயம். பின்னாலயே அடி வச்சு அடி வச்சுப் போனவன் குழிக்குள்ள விழுந்தான். யாரும் மண்வெட்டியைத் தொடலை. மண்ணு தானாச் சரிஞ்சு மூடிச்சு.

என்னது, யாரும் காப்பாத்தலையாவா? கேள்வியெல்லாம் காலையில. இப்ப முடிக்க விடு.

செம்பான் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, பொண்டாட்டி கண்ணைத் தன் துண்டால துடைச்சான். "கண்ணைத் தொடைச்சது போதும், போய்க் கூரையைப் பாரு"ன்னாள் அங்காயி. அடுத்தவனை இறக்கின மண்ணுலயே ராஜாவும் இறங்கினான். கதை கரைக்கு அந்தப் பக்கம், நாம இந்தப் பக்கம், ஆச்சு.

கரை அதுக்கப்புறம் கசியவே இல்லை. சிலை இன்னமும் அதைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்குது. மழை பெய்யற நாள்ல மட்டும் கரைக்கு அடியிலேருந்து அந்த ராஜா குரல் கேக்குமாம். புல்லுக்கட்டோட போறவங்க நிக்கறதில்லை, திரும்பியும் பாக்கறதில்லை.

"ஒரு பிடி மண்ணை எடுத்து விடுங்க, மூச்சு விடணும்..."