கற்கள் வாய் மூடிய காலை

கூடவே இறங்கும், கூடவே ஏறாது. மேலே ஏறி மிதித்தாலும் கோபித்துக்கொள்ளாது. அது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஏணி என்பீர்கள். ஏணி எங்கே இறங்குகிறது? நாம்தான் இறங்குகிறோம். செருப்பு என்பீர்கள். அது நம்மோடு ஏறியும் வந்துவிடும். சரி, நானே சொல்லிவிடுகிறேன். முத்துக் குளிக்கிறவர் கடலில் இறங்கும்போது காலடியில் வைத்துக்கொள்ளும் கல்தான் அது. மனித உடம்பு மிதக்கப் பார்க்கும். கல்லின் கனம்தான் அவரைச் சட்டென்று அடிக்குக் கொண்டுபோகும். சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு அவர் மேலே வந்துவிடுவார். கல் கீழேயே காத்திருக்கும். அவர் தோணியில் ஏறிய பிறகுதான் அதை இழுப்பார்கள்.

இது கற்கள் பேசிய அந்தக் காலத்தில் நடந்தது.

அப்போது மரியந்துறை என்ற கடலோர ஊரில் அம்மிக்கல், "மிளகாய் காணாது, இன்னும் ரெண்டு வை" என்று சொல்லும். அடுப்புக் கற்கள் மூன்றும், உன் பக்கம்தான் சூடு குறைவு என்று ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருக்கும். கோயில் வாசற்படி ஞாயிற்றுக்கிழமை முழுவதும், "கால்ல மண்ணு, கால்ல மண்ணு" என்று முணுமுணுக்கும். கரையில் கிடந்த கூழாங்கற்கள் ஒவ்வோர் அலைக்கும் தங்களுக்குள் ஏதோ கிசுகிசுக்கும். ஊர் அந்தச் சத்தத்தில்தான் தூங்கியது.

கல்லறைத் தோட்டத்தில் மட்டும் கற்கள் அதிகம் பேசுவதில்லை. தன் அடியில் உறங்குகிறவரின் குரலை அங்கே ஒவ்வொரு கல்லும் எடுத்துக்கொள்ளும். யாராவது பக்கத்தில் வந்தால் அந்தக் குரலில் அவர் பெயரைச் சொல்லும். அதனால் அங்கே எந்தக் கல்லிலும் எழுத்து கிடையாது. தேவைப்படவில்லை.

மதலேனுக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய அம்மா செலஸ்தீனா இறந்தபோது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அம்மாவின் முகம் அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் குரல் தெரியும். ஒவ்வொரு மாலையும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நிற்பாள். "செலஸ்தீனா" என்று கல் சொல்லும். "ஆண்டவர் கூப்பிட்டதும் எழுந்திருப்பேன்." கொஞ்சம் மூக்கடைத்த மாதிரியான, சிரிப்பை அடக்குகிற மாதிரியான குரல். அதைக் கேட்டுவிட்டுத்தான் மதலேன் வீட்டுக்கு வருவாள்.

அவளுடைய அப்பா கயித்தான் முத்துக் குளிக்கிறவர். அதுவரை கரையோரத்திலேயே, பார் என்கிற கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி கிடைத்தது. மூச்சை அடக்கிக் குதித்தால் போதும், தரை எட்டிவிடும். அந்த வருடம் கரையோரச் சிப்பிகள் தீர்ந்துபோயின. இனி ஆழத்துப் பாருக்குத்தான் போக வேண்டும். குதித்தால் எட்டாத ஆழம். கயித்தான் யோசித்துப் பார்த்துவிட்டு, முற்றத்தில் கிடந்த ஒரு கருங்கல்லில் கயிறு கட்டினார். பூசணிக்காய் அளவு கல். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மதலேனுக்கு அது நல்ல சிநேகிதம். வெயில் நாளில் அவள் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவாள்.

"காதுக்குப் பின்னால கொஞ்சம் ஊத்து" என்று அது சொல்லும்.

"உனக்குக் காது எங்கே இருக்கு?"

"உடம்பெல்லாம் காதுதான்."

அந்தக் கல்லின்மேல் நின்றுகொண்டு கயித்தான் முதன்முதலாக ஆழத்தில் இறங்கினார். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தோணியில் பிடித்திருந்தவர் சந்தியாகு, செலஸ்தீனாவின் அண்ணன். அந்தக் கரையில் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது பிடியை விடமாட்டான் என்று நம்பிக்கை. தங்கச்சி போன பிறகும் சந்தியாகு அந்தக் கயிற்றை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது. பிறகு நீலமாயிற்று. அதற்கும் கீழே நிறமே இல்லை. ஒரு திருக்கைமீன் கனவில் வருவதுபோல மெதுவாகக் கடந்து போனது. கயித்தான் மனசுக்குள், "சேசுவே, கூட வாரும்" என்று சொல்லிக்கொண்டார். கல் தரையைத் தொட்டது. அது இரக்கமுள்ள கல். மனிதருக்குத் தனியாக இருக்குமே என்று நினைத்து, "கயித்தான், பயமா இருக்கா?" என்று கேட்டது.

கயித்தான் மரியாதை தெரிந்தவர். யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருந்து அவருக்குப் பழக்கமில்லை. "இல்லையே" என்று சொல்ல வாயைத் திறந்தார். கடல் உள்ளே போனது.

சந்தியாகு அவரை இழுத்துத் தோணியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். "என்ன மச்சான், கடல்ல உப்பு சரியா இருக்கான்னு ருசி பாத்தீங்களா?"

"கல்லு கேட்டுச்சு மச்சான். பதில் சொன்னேன்."

"உங்க மரியாதையைக் கரையில வச்சிட்டு இறங்குங்க."

மறுநாள் கயித்தான் காதில் மெழுகு அடைத்துக்கொண்டு இறங்கினார். கல்லின் குரல் காது வழியாக வரவில்லை. உள்ளங்கால் வழியாக ஏறி, எலும்புக்குள் வந்தது. "நேத்து பாதியில போயிட்டீங்களே, என்ன ஆச்சு?" கயித்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். பிறகு, "என்மேல கோபமா?" என்று கேட்டது.

"சே, சே" என்றார் கயித்தான்.

அன்று அவர் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. மூக்கில் ரத்தம் வந்திருந்தது. சந்தியாகு கேலி செய்யவில்லை. கரைக்கு வந்ததும் மதலேன் பக்கத்தில் நிற்பதைக்கூடக் கவனிக்காமல் சொன்னார்: "மூணாவது தடவை நான் இழுக்கிறது ஆளா, வெறும் உடம்பான்னு எனக்குத் தெரியாது மச்சான்."

"கல்லு இல்லாம அந்த ஆழம் எட்டாதே. பேசாத கல்லு எங்க இருக்கு, சொல்லுங்க."

"ரெண்டு நாள் சும்மா இருங்களேன்."

"வீட்டுல உலை கொதிக்கணும். நாளைக்கு இறங்குவேன்" என்றார் கயித்தான். அவர் சொன்னால் செய்கிறவர்.

மதலேன் முற்றத்துக்குப் போனாள். கல் ஈரமாகக் கிடந்தது. கடல் ஈரம் அல்ல. கல்லுக்கு வியர்த்திருந்தது.

"நான் கெடுதல் நினைச்சுக் கேட்கலை" என்றது கல்.

"தெரியும். நாளைக்கு மட்டும் பேசாம இரேன்."

"எங்களுக்கு உதடு கிடையாது மதலேன். பாதி மூடவும் தெரியாது, அப்புறம் திறக்கவும் தெரியாது. மூடினா மூடினதுதான். அதோட, நாங்க எல்லாம் ஒரே பாறையிலிருந்து உடைஞ்சவங்க. நான் மூடினா எல்லாரும் மூடுவோம்."

"எல்லாரும்னா? அம்மியா?"

"அம்மி, அடுப்பு, கோயில் படி."

மதலேன் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்லறைத் தோட்டம்?"

"அதுவும்தான்."

"அப்போ நீயே முடிவு பண்ணி மூடிக்கோ. என்கிட்ட கேட்காதே."

"பேசச் சொன்னவர் ஆண்டவர். நாங்களா மூட முடியாது. எங்க குரல் யாருக்கு ரொம்ப வேணுமோ, அவங்க வாயால சொன்னாத்தான் மூடும்."

மதலேன் எழுந்து போனாள். மறுபடி வந்து உட்கார்ந்தாள். "நீ பேசலைன்னா அப்பா அங்கே தனியா இருக்கணுமே?"

"நானும் அப்படி நினைச்சுத்தான் பேசினேன்" என்றது கல். "உங்க அப்பா தண்ணிக்குள்ள போகும்போது சேசுவைக் கூப்பிடுறார். என் தலைமேலதான் நின்னு கூப்பிடுறார், எனக்குக் கேட்கும். ஆனா சேசு பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. இங்க யாரும் இல்லை போலன்னு நினைச்சேன். அதனாலதான் நானாவது பேசுவோம்னு பேசினேன். இன்னிக்குத்தான் புரிஞ்சுது. பதில் சொன்னா உங்க அப்பா வாயைத் திறப்பார்னு சேசுவுக்குத் தெரிஞ்சிருக்கு."

வேலி ஓரத்தில் சேவல் ஒன்று மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. மதலேன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் கல், "செலஸ்தீனா, ஆண்டவர் கூப்பிட்டதும் எழுந்திருப்பேன்" என்றது. மூன்றாவது முறை கல்லின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். பகல் வெயிலின் சூடு கல்லில் மிச்சம் இருந்தது. சந்தியாகு வந்து அவளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

விடிந்ததும் தோணி புறப்பட்டது. கயித்தான் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறினார். கல் அவர் காலடியில் இருந்தது. மதலேன் முழங்கால் அளவு தண்ணீரில் ஓடிவந்து தோணியைப் பிடித்துக்கொண்டு, கல்லின் பக்கம் குனிந்தாள்.

"என்னம்மா?" என்றார் கயித்தான்.

"ஒண்ணுமில்லப்பா."

ஆழத்துப் பாரில் கயித்தான் இறங்கினார். பச்சை போனது, நீலம் போனது. இப்போது கேட்கும், இப்போது கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. காலடியில் கல் குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. அவர் ஒரு காலை எடுத்துப் பார்த்தார், மறு காலை எடுத்துப் பார்த்தார். கல் நகரவில்லை. அப்போது சேசுவிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் அவசரமில்லாமல் மனசுக்குள் சொன்னார். பதில் வரவில்லை. யாரும் விட்டுப்போகவும் இல்லை. வலைப்பை நிறையச் சிப்பியோடு கயிற்றை ஆட்டினார்.

"கல்லு என்ன கேட்டுச்சு மச்சான்?" என்றார் சந்தியாகு.

"ஒண்ணும் கேட்கலை."

"அப்போ கீழே தனியாவா இருந்தீங்க?"

கயித்தான் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு யோசித்தார். "இல்ல மச்சான்" என்றார்.

அவர்கள் கரைக்கு வந்தபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. குழம்பில் மிளகாய் போதுமா என்று தெரியாமல் பெண்கள் அம்மியின் முன்னால் விழித்துக்கொண்டிருந்தார்கள். மண் காலோடு எல்லாரும் கோயிலுக்குள் போய்வந்தார்கள். அலை வந்தால் அலையின் சத்தம் மட்டும் கேட்டது. கயித்தானுக்கு விஷயம் மெதுவாகத்தான் புரிந்தது. உளியை எடுத்துக்கொண்டு மகளோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். ஒரு சிலுவையும் அதன் கீழே செலஸ்தீனா என்ற பெயரும் வெட்டி முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மதலேன் ஒவ்வோர் எழுத்தின் பள்ளத்திலும் விரலை விட்டுத் துகளைத் துடைத்தாள்.

அன்று முதல்தான் கல்லறைக் கற்களில் நாம் பெயரை வெட்டுகிறோம். அன்று முதல்தான் உலகத்தில் எந்தக் கல்லும் பேசுவதில்லை. வழியில் கிடக்கும் சாதாரணக் கல்லைக்கூட எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தால், அது கேட்டுக்கொண்டிருப்பது தெரியும் என்று மரியந்துறைப் பிள்ளைகள் சொல்வார்கள்.

அந்தக் காலையில் தோணியைப் பிடித்துக் குனிந்தபோது மதலேன் கல்லிடம், "பேசாதே" என்றாள்.